மழைனா சைக்கிள் எடுக்க மனசே வரமாட்டேங்குது, நீங்கல்லாம் எப்படி போறீங்க?

நனைஞ்ச_கோழி:
ஆபீஸுக்கு சைக்கிள்ல போக ஆரம்பிச்சு எட்டு மாசம் ஆச்சு, ஒரு பக்கம் 9 கிலோமீட்டர், வெயில் நாள்னா பிரச்சனையே இல்ல, சொல்லப்போனா நாள்லயே நல்ல நேரம் அதுதான். ஆனா வானம் லேசா கறுத்தா போதும், ஜன்னல்ல எட்டிப் பாத்துட்டு "இன்னிக்கு மட்டும் பஸ்"னு கிளம்பிடுறேன். போன மாசம் மட்டும் பதினோரு "இன்னிக்கு மட்டும்". அதுல பாதி நாள் மழையே பெய்யல, அதான் கடுப்பு. வாங்கின ரெயின்கோட் ஆணியிலயே தொங்குது. சோம்பேறின்னு திட்டாதீங்க, வீட்லயே திட்டிட்டாங்க.

செயின்_கவர்:
ஜன்னலப் பாக்காதீங்க பாஸ். உள்ள இருந்து பாக்குற மழை எப்பவும் பெருசாதான் தெரியும். நான் காலைல முடிவே எடுக்குறதில்ல, மாத்துத் துணி, சாக்ஸ், துண்டு எல்லாத்தையும் ராத்திரியே பிளாஸ்டிக் கவர்ல சுத்தி பையில போட்டு சைக்கிள் மேலயே மாட்டிடுவேன், தூக்கக் கலக்கத்துல அத அவுக்கறதுக்கு கிளம்பறதே ஈஸி. ஆபீஸ்ல ஒரு ஜோடி செருப்பு நிரந்தரமா கிடக்கும்.

அப்புறம் மட்கார்டு இருக்கா? மேல இருந்து விழற தண்ணிய விட சக்கரம் வாரி அடிக்கிற தண்ணிதான் ரொம்ப எரிச்சல். பின்னாடி இல்லேன்னா முதுகுல சேத்துக்கோடு, முன்னாடி இல்லேன்னா ரெண்டு காலும் சொதசொத. கண்ணாடி போடுறவரா இருந்தா ஹெல்மெட்டுக்குள்ள முன்பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கற மெல்லிசு தொப்பி ஒண்ணு போட்டுக்கங்க, வித்தியாசம் தெரியும். ரெயின்கோட்ல வேகமா மிதிச்சா வெளிய மழை உள்ள வேர்வை, எப்படியும் நனைவீங்க.

எதிர்காத்து:
எனக்கு மழை பரவால்ல, காத்துதான் ஆகாது. வேகம் ரெண்டு மடங்கானா காத்தத் தள்ள மட்டும் எட்டு மடங்கு சக்தி செலவாகுமாம், இது தெரிஞ்சதுக்கப்புறம் காத்தோட மல்லுக்கட்டறத விட்டுட்டேன். பத்து நிமிஷம் முன்னாடியே கிளம்பி, கியரக் குறைச்சுக்கிட்டு தாத்தா மாதிரி போறேன். பாதி வெறுப்பு லேட்டாயிடுமோங்கற பதட்டத்துல வர்றதுதான்.

பாதிவழி_பஸ்:
நான் கொஞ்சம் மாத்திப் பேசறேன். போன வருஷம் தூறல்ல ரோட்டு வெள்ளைக்கோட்டு மேல சைக்கிளத் திருப்புனேன், அடுத்த செகண்ட் தரையில கிடக்கேன். பெயிண்ட் கோடு, சாக்கடை இரும்பு மூடி, ஈர இலை எல்லாம் மழையில சோப்பு மாதிரி. ரொம்ப நாள் கழிச்சு பெய்யற முதல் மழைதான் மோசம், ரோட்ல படிஞ்ச எண்ணெயும் தூசியும் குழைஞ்சு மேல வரும். ரிம்மப் புடிக்கிற பிரேக்கா இருந்தா ரிம் ஈரம் வழிச்சுப் போற வரைக்கும் நிக்கவே நிக்காது, முன்னாடியே லேசா புடிச்சுப் புடிச்சு விடணும். தேங்கின தண்ணிக்குள்ள விடாதீங்க, அடியில குழி எவ்ளோன்னு தெரியாது.

நான் ஒரே ஒரு ரூல் வச்சிருக்கேன்: மழைனா போவேன், இடி கேட்டா போகமாட்டேன். கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் ஆகற வரைக்கும் உள்ளதான். அன்னிக்கு பஸ்ல போனா குத்த உணர்ச்சி கிடையாது, மத்த நாள் சாக்கும் கிடையாது.

நனைஞ்ச_கோழி:
இன்னிக்கு நல்ல மழை, இடி இல்ல, போயிட்டேன்! முதல் ரெண்டு கிலோமீட்டர் உங்க எல்லாரையும் மனசுக்குள்ள திட்டினேன், அப்புறம் நனைஞ்சது நனைஞ்சாச்சுன்னு ஆனதும் ஒண்ணும் தோணல, பாட்டுகூட பாடினேன். மட்கார்டு இல்லாததுக்கு முதுகு சாட்சி. சாயந்தரம் திரும்பி வர்றப்போ செயின் கீச்கீச்சுங்குது, இது என்ன?

செயின்_கவர்:
எண்ணெய் கழுவிப் போயிடுச்சு. இப்பவே பழைய துணியில செயினத் துடைச்சு, காய விட்டு, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு விடுங்க, மேல வழியறத துடைச்சிடுங்க. நாளைக்குன்னு விட்டா துரு ஏறிடும்.