குறும்படத்துக்கும் கல்யாண வீடியோவுக்கும் இலவச மியூசிக்: எங்க எடுக்கிறது, எங்க மாட்டும் (ஊர்ப் பேரைத் தலைப்பாகப் போட்டு, ஒவ்வொருத்தர் சொல்றது)

கல்லடி, வீடியோ எடிட்டிங்

"நோ கொப்பிரைட் மியூசிக்" என்று யூடியூபில் தேடி, வாற வீடியோவை எம்பி3 ஆக்கி இறக்குறதுதான் நம்மட பக்கம் கூடுதலா நடக்குது. கிளெய்ம் (உரிமை கோரல்) விழுறதும் அதிலதான். ஏத்தினவர் அந்த இசையின் சொந்தக்காரர் இல்லாட்டி, தலைப்பில் என்ன எழுதினாலும் நமக்கு உரிமை வராது. இன்னொரு வழியிலயும் மாட்டும். உண்மையான சொந்தக்காரரே முதலில் சும்மா விட்டுட்டு, மறுகா ஒரு விநியோகக் கம்பெனிக்குக் கொடுத்து கொன்டென்ட் ஐடியில் (பதிஞ்ச இசையை வீடியோக்களில் தானாகக் கண்டுபிடிக்கிற யூடியூப் முறை) பதிவார். அன்றைக்குப் பழைய வீடியோக்களையும் சேர்த்துப் பிடிக்கும்.

யூடியூபுக்குப் போடுற வேலை என்றால் முதல் போக வேண்டியது யூடியூப் ஸ்டூடியோவுக்குள்ள இருக்கிற ஓடியோ லைப்ரரிக்கு. கம்ப்யூட்டரில் ஸ்டூடியோவைத் திறந்தா இடப்பக்க மெனுவில் இருக்கும். போனில் என்றால் பிரவுசரில் டெஸ்க்டாப் சைட்டைப் போட்டுத் திறக்கணும். ஃபில்டரில் லைசன்ஸ் வகை ரெண்டு இருக்கு. ஒன்றுக்குக் கிரெடிட் (இசைத்தவர் பேர் போடுறது) தேவையில்லை. மற்றது சிசி பை 4.0, அதாவது பேரைப் போட்டுப் பாவிக்கிற கிரியேட்டிவ் கொமன்ஸ் லைசன்ஸ். ரெண்டாவதை எடுத்தா அந்த ட்ரக்கின் (இசைத் துண்டின்) வரிசையில் இருக்கிற சிசி அடையாளத்தை அழுத்துங்க, கிரெடிட் வரி தயாராக வரும். அதை ஒரு எழுத்தும் குறைக்காம டிஸ்கிரிப்ஷனில் ஒட்டுங்க. "மியூசிக்: யூடியூப்" என்று எழுதினா அது கிரெடிட் இல்லை.

கிளெய்ம் வேற, ஸ்ட்ரைக் வேற. கிளெய்ம் விழுந்தா பெரும்பாலும் அந்த வீடியோவின் விளம்பரக் காசு மற்றவருக்குப் போகும், சனலுக்கு ஒன்றும் ஆகாது. ஸ்ட்ரைக் என்றது உரிமைக்காரர் சட்டப்படி கேட்டு வீடியோவை நீக்க வைக்கிறது; 90 நாளைக்குள்ள மூன்று விழுந்தா சனலே போயிடும். லைசன்ஸ் கையில் இருந்தா கிளெய்முக்கு டிஸ்பியூட் (மறுப்பு) போடுங்க. கிளெய்ம் வந்து 5 நாளைக்குள்ள போட்டா முதல் நாளில் இருந்து வந்த வருமானம் தனியாக நிறுத்தி வைக்கப்படும். பதில் சொல்ல கிளெய்ம் போட்டவங்களுக்கு 30 நாள்.

காரைதீவு, ஸ்டூடியோ வேலை

கல்லடி அண்ணன் சொன்ன சிசி லைசன்ஸில் நம்மட ஆட்கள் பிழை விடுற இடம் பின்னால வாற எழுத்துகளில். "பை" மட்டும் இருந்தா பேரைப் போட்டுட்டுக் காசு வேலைக்கும் பாவிக்கலாம். "என்சி" சேர்ந்திருந்தா வருமான நோக்கத்துக்கு ஆகாது. ஸ்டூடியோ காசு வாங்கிச் செய்யுற கல்யாண வீடியோ, சாமத்தியவீட்டு வீடியோ, கடை விளம்பரம் எதிலயும் அதைத் தொடாதீங்க. வீட்டாக்கள் தங்களுக்குள்ள பார்க்கத்தானே என்று சொல்லுவாங்க, ஆனா நீங்க வாங்குறது கூலி.

"என்டி" தான் பெரிய பொறி. மாற்றக்கூடாது என்றுதானே இருக்கு, நாம வெட்டாம முழுப் பாட்டையும் போடுறோம் என்று நினைப்பாங்க. இசையை ஓடுற படத்தோட நேரம் பொருத்திச் சேர்த்தாலே அது தழுவல் என்று லைசன்ஸின் சட்டப் பகுதியில் தெளிவாக எழுதியிருக்கு. அதனால என்டி இசையை எந்த வீடியோவுக்கும் எடுக்க ஏலாது. அதே காரணத்தால "எஸ்ஏ" இசையைச் சேர்த்தா முழு வீடியோவையும் அதே லைசன்ஸில் விடணும், கல்யாண வீட்டார் அதுக்குச் சம்மதிக்க மாட்டாங்க. வாடிக்கையாளர் வேலைக்குச் சிசி ஸீரோவும் (உரிமையை முழுதும் விட்டுக்கொடுத்தது) சிசி பையும் போதும்.

எடுக்கிற இடம்: இன்கொம்பிடெக் தளத்தில் கெவின் மெக்லவுட்டின் இசை சிசி பை 4.0 இல் இருக்கு, மனநிலை, வேகம் பார்த்துத் தேடலாம். 2009 இல் தொடங்கின ஃப்ரீ மியூசிக் ஆர்கைவில் ஒவ்வொரு ட்ரக்குக்கும் லைசன்ஸ் வேற வேற, ஒரே அல்பம்தானே என்று நம்பக்கூடாது. பிக்ஸாபேயில் கிரெடிட் கட்டாயம் இல்லை, ஆனா சில ட்ரக் கொன்டென்ட் ஐடியில் பதிஞ்சது, பக்கத்திலேயே அடையாளம் காட்டும். அப்படிப்பட்டதை எடுத்தா லைசன்ஸ் சேர்டிஃபிகேட்டையும் அப்பவே இறக்கி வையுங்க. டிஸ்பியூட்டில் ஒட்ட வேண்டியது அதுதான்.

அக்கரைப்பற்று

பேஸ்புக்குக்கு மட்டும் ஒரு வார்த்தை. மெட்டாவின் சவுண்ட் கலெக்ஷன் பேஸ்புக், இன்ஸ்டகிராமுக்குத்தான். அதே வீடியோவை யூடியூபில் ஏத்தினா அந்த அனுமதி அதோட சேர்ந்து வராது. டிக்டொக்குக்குள்ள, எடிட்டிங் அப்புக்குள்ள கிடைக்கிற பாட்டும் இப்படித்தான். மூன்று இடத்திலயும் போடுற வீடியோ என்றால் சிசி பை இசையில் தொடங்குங்க, திரும்ப எடிட் பண்ணுற வேலை மிச்சம்.

கல்லடி, வீடியோ எடிட்டிங்

அக்கரைப்பற்றுக் காக்கா (அண்ணன்) சொன்னது சரி. இதோட ஆதாரம் வைக்கிறதையும் சொல்லணும். சிசி லைசன்ஸை ஒருக்காக் கொடுத்தா, விதிப்படி பாவிக்கிறவரிடம் இருந்து திரும்பப் பறிக்க ஏலாது. ஆனா பக்கத்தை மாத்திட்டா அன்றைக்கு இருந்தது என்ன என்று காட்டுறது உங்கட பொறுப்பு. இறக்கின அதே நாள், லைசன்ஸ் தெரியுற மாதிரிப் பக்கம் முழுதும் ஸ்கிரீன்ஷொட் எடுங்க. அந்த முகவரியை வேபெக் மெஷினில் (இணையப் பக்கங்களைச் சேமிச்சு வைக்கிற தளம்) கொடுத்து "சேவ் பேஜ்" போடுங்க, திகதியோட ஒரு கொப்பி வெளியாளிடம் இருக்கும். ப்ரொஜெக்ட் போல்டருக்குள்ள ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் ஐந்து வரி எழுதுங்க: இசையின் பேர், இசைத்தவர், பக்க முகவரி, லைசன்ஸ் பேரும் எண்ணும், இறக்கின திகதி. முதல் நாலு வரியும்தான் கடைசியில் கிரெடிட் ஆகப் போறது. இசையை வெட்டியிருந்தா அதையும் கிரெடிட்டில் சொல்லணும். எல்லாத்தையும் விட இந்தப் போல்டரைத்தான் நான் முக்கியம் என்பேன்.

களுவாஞ்சிக்குடி

பழைய பாட்டு, கூத்துப் பாட்டு கேட்கிறவங்களுக்கு. இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆக்கியவர் இறந்து 70 வருசம் வரைக்கும் பதிப்புரிமை இருக்கும். காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் 1947 இல் காலமானார், அதனால அவர் எழுதின வரிகளை இப்ப யாரும் இசையமைச்சுப் பாடலாம். யாரோ போன வருசம் பாடி ஏத்தின பதிவை எடுக்க ஏலாது. வரி வேற, மெட்டு வேற, பாடினவரின் உரிமை வேற, பதிவு பண்ணினவரின் உரிமை வேற.

வடமோடி, தென்மோடிக் கூத்துக்கும் அதே கணக்குத்தான். ஊர்ச் சொத்து என்று யூடியூபில் இருந்து மத்தள அடியை வெட்டி எடுக்காதீங்க. அதே சட்டம் நாட்டார் கலை வெளிப்பாடுகளையும் காக்குது. வணிகத்துக்கோ வழமையான சூழலுக்கு வெளியிலோ பாவிக்க அனுமதி வேணும் என்று அதில இருக்கு. குறும்படத்துக்குத் தேவை என்றால் அண்ணாவியாரிடம் (கூத்துப் பழக்குற ஆசானிடம்) நேரே போய்க் கேளுங்க. ஒரு பக்கக் கடிதம் போதும்: எந்தப் பகுதி, எந்த வீடியோ, எங்கெங்க போடப்படும், காசு வருமா, கலைஞர்கள் பேர் எப்படி வரும். அடிச்சவங்க, பாடினவங்க எல்லாரும் கையெழுத்து வைக்கணும். மத்தளக்காரரை விட்டுட்டா அந்தக் கடிதம் அரைக் கடிதம். றபானுக்கும் பொல்லடிக்கும் இதேதான்.

பதியும்போது போனை மத்தளத்தில் இருந்து மூன்று அடி தள்ளி வையுங்க, சல்லரி (கைத்தாளம்) அடிக்கிறவர் அதைவிடத் தூரம் நிற்கட்டும். சல்லரியின் கூர்மையான சத்தம் மைக்கை நிரப்பிட்டா மத்தளத்தின் அடித்தொனி கேட்காது. சுருக்காத வேவ் ஃபைலாகப் பதியுங்க, உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாம. வெடிச்ச சத்தத்தை மறுகா சரிப்படுத்த ஏலாது.

கல்முனை

சத்தத் துணுக்குகளுக்கு ஃப்ரீசவுண்ட். பார்சிலோனாவில் பொம்பியூ ஃபாப்ரா பல்கலைக்கழகம் நடத்துறது. கணக்குத் திறந்தாத்தான் முழு ஃபைல் இறங்கும், திறக்காம எடுக்கிறது தரம் குறைஞ்ச முன்னோட்டம். அங்கயும் என்சி கலந்து கிடக்கு, ஃபில்டரில் சிசி ஸீரோவைத் தெரிவு செய்யுங்க.

டேட்டா பார்க்கிறவங்க: சிடி தரத்து வேவ் நிமிசத்துக்குக் கிட்டத்தட்ட 10 எம்பி, 320 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் 2.4 எம்பி. கேட்டுத் தெரிவு செய்ய முன்னோட்டம், கடைசி எடிட்டுக்கு மட்டும் வேவ்.

பேச்சுக்குக் கீழ இசை போடுறவங்க ஓடாசிட்டி என்ற ஓடியோ எடிட்டரில், குரல் வரும்போது இசையைத் தானாகக் குறைக்கிற ஓட்டோ டக்கைப் பாவியுங்க. இசை ட்ரக் மேல, குரல் ட்ரக் அதுக்கு நேர் கீழ இருக்கணும். இசையை மட்டும் தெரிவு செய்து எஃபெக்டைக் கொடுக்கணும். ட்ரக் தலைகீழாக இருந்தா வேலை செய்யாது, நிறையப் பேர் அதிலதான் நின்று போறாங்க. இசை குறையுற இயல்பு அளவு மைனஸ் 12 டெசிபல். தமிழ் விவரணக் குரலுக்கு மைனஸ் 18 வரைக்கும் இறக்குங்க, பாடல் வரி இருக்கிற இசை என்றால் குரலுக்குக் கீழ போடவே வேணாம்.