20 நிமிட 'ஹக்கிள்பக்': முதல் தடவை கேட்டபோது உங்களுக்கு எப்படி இருந்தது?

ஜாஸ் டிரம்பெட் கலைஞர் பக் கிளேட்டன் 1953 டிசம்பரில் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பதிவு செய்த ஜாம் அமர்வைத்தான் (கலைஞர்கள் கூடி, அந்த நேரத்துக் கற்பனையில் மாறி மாறி வாசிப்பது) சொல்கிறேன். கேட்டவர்கள் எழுதுங்கள். என் கதை முதலில்.

இஸ்திரி போட்டுக்கொண்டே ஃபோன் ஸ்பீக்கரில் கேட்டேன். 12 பார் ப்ளூஸ், அதாவது நாலு தட்டு கொண்ட பார் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு சுற்று; அதே சுற்று திரும்பத் திரும்ப. ஐந்து சட்டை முடிந்தது, பாட்டு முடியவில்லை. அணைத்துவிட்டேன். மூன்று மாதம் கழித்து ஒரு ராத்திரி, தூக்கம் வராமல், ஹெட்ஃபோனில் போட்டேன். அடியில் 'சக் சக்' என்று ஏதோ ஒன்று. ஃப்ரெடி கிரீனின் கிதார்! ஆம்ப்ளிஃபையர் கிடையாது, தனி வாசிப்பு கிடையாது. பாருக்கு நாலு தட்டு, அவ்வளவுதான். வால்டர் பேஜின் பாஸ் என் ஃபோனில் கேட்கவே இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. இவர்கள் இருவர், டிரம்ஸில் ஜோ ஜோன்ஸ், கிளேட்டன் எல்லோருமே 1930களின் பிற்பகுதியில் பியானோ கலைஞர் கவுண்ட் பேஸியின் ஜாஸ் குழுவில் ஒன்றாக இருந்தவர்கள். ஒருவர் அடுத்து என்ன செய்வார் என்று மற்றவருக்குத் தெரியும். நான் முதலில் கேட்டது மேலே ஊதியவர்களை மட்டும்.

*

நீங்கள் சொன்ன கிதார் எனக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என்னை இழுத்தது பின்னணி ரிஃப்தான். ஒருவர் தனியாக ஊதிக்கொண்டிருப்பார். இரண்டு சுற்று போனதும் மற்றவர்கள் பின்னாலிருந்து ஒரு சின்னத் துணுக்கைத் திரும்பத் திரும்பப் போடுவார்கள், அதுதான் ரிஃப். உடனே முன்னால் நிற்பவருக்கு வேகம் வந்துவிடும். பேஸி குழு வளர்ந்த கான்சாஸ் சிட்டி ஜாஸ்காரர்களின் பழைய பழக்கம் அது.

இன்னொரு விஷயம். டிரம்பெட் இரண்டு பேர், கிளேட்டனும் ஜோ நியூமனும். "கிளேட்டன் என்னமாய் ஊதுகிறார் பாருங்கள்" என்று நண்பரிடம் சிலாகித்தேன். அது நியூமனாம். அப்புறம் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து, விரல்விட்டு 12 எண்ணி, யார் எந்தச் சுற்று என்று குறித்துக்கொண்டேன்.

*

உங்கள் இருவரையும் போல இல்லை, நான் 78 கட்சி, நிமிடத்துக்கு 78 தடவை சுழலும் பழைய இசைத்தட்டுகளின் ஆள். ஒரு பக்கத்துக்கு 3 நிமிடம்தான். அதில் கிடைத்த ஒரே சுற்றில் சாக்ஸபோன் கலைஞர் லெஸ்டர் யங் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போனார். 1948-ல் எல்பி என்ற நீண்ட நேர இசைத்தட்டு வந்தது, எல்லோருக்கும் பேச நேரம் கிடைத்தது, சிலர் அதிகமாகவே பேசிவிட்டார்கள்.

ஆனால் இந்த 'ஹக்கிள்பக்' வந்த எல்பியின் மறுபக்கம், 'ராபின்ஸ் நெஸ்ட்', வேறு ரகம். மெட்டமைத்த இருவரில் ஒருவரான சர் சார்ல்ஸ் தாம்ப்சனே பியானோவில். அதை வாரம் ஒரு தடவையாவது போடுகிறேன். 'ஹக்கிள்பக்' பக்கத்தில் இன்னமும் பாதியிலேயே எழுந்து காபி போடப் போய்விடுகிறேன்.