சிடி டிரைவே இல்லாத கம்ப்யூட்டர் சிடி டிரைவுக்கு டிரைவர் கேட்கிறது

கோவில்பட்டி ஸ்டிக்கர்:
கோவில்பட்டியில் ஸ்டிக்கர் கடை வைத்திருக்கிறேன். வண்டி நம்பர் பிளேட், ஆட்டோ பின்கண்ணாடியில் பிள்ளைகள் பெயர், கடைக் கண்ணாடி எழுத்து, இதுதான் பிழைப்பு. ஸ்டிக்கரை எழுத்து வடிவில் வெட்டும் கட்டிங் பிளாட்டர் 12 வருஷப் பழசு. அதன் டிரைவர் (அதைக் கம்ப்யூட்டரோடு பேசவைக்கும் மென்பொருள்) 32 பிட் விண்டோஸ் 7-ல் மட்டும்தான் ஓடும். அதோடு இருந்த கம்ப்யூட்டரின் போர்டு போன வாரம் போய்விட்டது.

பழைய கம்ப்யூட்டர் விற்பவரிடம் ஒரு குட்டி சிபியூ 5,500 ரூபாய்க்கு வாங்கினேன். நாலாம் தலைமுறை ஐ3, 8 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். டிவிடி டிரைவ் இல்லை, வைக்க இடமும் இல்லை. என்னிடம் இருப்பதோ காசு கொடுத்து வாங்கிய விண்டோஸ் 7 டிவிடி. மச்சான் வீட்டுக் கம்ப்யூட்டரில் அதைப் போட்டு ஐஎஸ்ஓ (டிவிடியின் முழு நகல் ஃபைல்) ஆக்கி, ரூஃபஸ் என்ற மென்பொருள் வைத்து 16 ஜிபி பென் டிரைவில் ஏற்றினேன். பூட் ஆகிறது, மொழி கேட்கிறது. 'இன்ஸ்டால் நவ்' அழுத்தினால், சிடி/டிவிடி டிரைவுக்கான டிரைவரைக் காணோம், இருந்தால் கொடு என்கிறது. இல்லாத மாட்டுக்கு மூக்கணாங்கயிறு கேட்டால் நான் எங்கே போவேன்?

மதர்போர்டு டிரைவர்களை இன்னொரு பென் டிரைவில் போட்டுக் காட்டினேன். ஒன்றையும் ஏற்கவில்லை. ஐஎஸ்ஓ கெட்டிருக்குமோ என்று இரண்டு தடவை மறுபடி எடுத்தும் பார்த்தாயிற்று. வெள்ளிக்கிழமைக்குள் ஒரு ஸ்கூல் வேனுக்கு எழுத்து ஒட்டித் தரவேண்டும்.

பழைய மவுஸ்:
அண்ணாச்சி, பென் டிரைவை எந்த ஓட்டையில் சொருகினீர்கள்? உள்ளே நீலமாக இருந்தால் அது யூஎஸ்பி 3, கறுப்பாக இருந்தால் பழைய யூஎஸ்பி 2. விண்டோஸ் 7 வந்தது 2009-ல், அதன் இன்ஸ்டாலருக்கு யூஎஸ்பி 3 தெரியாது. முதலில் பூட் செய்து கொடுப்பது பயாஸ் (மதர்போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருள்), அதற்கு நீலமும் கறுப்பும் ஒன்றுதான். அப்புறம் விண்டோஸ் தானே பென் டிரைவைத் தேடும்போது அந்த போர்ட் அதன் கண்ணிலேயே படாது. டிவிடியிலிருந்துதான் வந்திருப்போம் என்று நினைத்துக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்கிறது.

அணைக்க வேண்டாம். கேன்சல் கொடுத்து முதல் திரைக்குத் திரும்புங்கள். பென் டிரைவைப் பிடுங்கி, கறுப்பு போர்ட்டில் சொருகி, பத்து விநாடி கழித்து மறுபடி இன்ஸ்டால் நவ்.

ராத்திரி ஷிப்ட்:
நாலாம் தலைமுறை என்பதால் தப்பித்தீர்கள். ஆறாம் தலைமுறை இன்டெல் என்றால் கறுப்பு போர்ட்டுக்குப் பின்னாலும் யூஎஸ்பி 3 கன்ட்ரோலர்தான். இன்ஸ்டாலர் வந்ததும் கீபோர்டு, மவுஸ்கூடச் செத்துவிடும். உங்களுடையதில் கறுப்பு காலி இல்லை என்றால், பயாஸில் 'எக்ஸ்ஹெச்சிஐ' (யூஎஸ்பி 3 கன்ட்ரோலர்) என்று இருப்பதை டிசேபிள் செய்து பாருங்கள். நீலமும் யூஎஸ்பி 2 மாதிரி நடந்துகொள்ளும்.

எனக்கென்னவோ 32 பிட் போடுவதே வீண் என்று தோன்றுகிறது. 8 ஜிபியில் 4-க்கு மேல் அதற்கு எட்டாது. லினக்ஸ் போட்டு, உள்ளே விர்ச்சுவல்பாக்ஸில் 7-ஐ ஓட்டலாமே?

கோவில்பட்டி ஸ்டிக்கர்:
முன்பக்க நீல ஓட்டைதான்! கைக்கு வாகாக இருக்கிறதே என்று அதில் சொருகியிருந்தேன். பின்பக்கக் கறுப்புக்கு மாற்றியதும் அந்தக் கேள்வியே கேட்காமல் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டது. ஆனால் இப்போது ஹார்டு டிஸ்க் ஜிபிடி முறையில் இருக்கிறது, இதில் போட முடியாது என்கிறது.

ராத்திரி ஷிப்ட் தம்பி, நீங்கள் சொல்வது நியாயம்தான். ஆனால் இந்த பிளாட்டர் நேரடியாக மாட்டினாலே பாதி நாள் முறைக்கும். கம்ப்யூட்டருக்குள் கம்ப்யூட்டர் வைத்து என்னால் மல்லுக்கட்ட முடியாது.

பழைய மவுஸ்:
ஜிபிடி, எம்பிஆர் இரண்டும் டிஸ்க்கில் பாகம் பிரித்துக் குறித்துவைக்கும் முறைகள். 32 பிட் 7 யூஇஎஃப்ஐ என்ற புது பூட் முறையில் பூட் ஆகாது. பழைய பயாஸ் முறைதான், அதற்கு டிஸ்க் எம்பிஆர் ஆக இருக்கவேண்டும். அந்தத் திரையிலேயே ஷிஃப்டும் எஃப்10-உம் சேர்த்து அழுத்தினால் கறுப்பு ஜன்னல் வரும். 'டிஸ்க்பார்ட்' அடித்து, அப்புறம் 'லிஸ்ட் டிஸ்க்'. இங்கே நிதானம் வேண்டும். பென் டிரைவும் பட்டியலில் நிற்கும். 465 ஜிபி என்று காட்டுவதுதான் உங்கள் ஹார்டு டிஸ்க். அதன் எண் 0 என்றால் 'செலக்ட் டிஸ்க் 0', பிறகு 'கிளீன்', பிறகு 'கன்வெர்ட் எம்பிஆர்'. கிளீன் அடித்தால் உள்ளே இருப்பது அத்தனையும் போச்சு. நான் ஒரு தடவை எண்ணைப் பார்க்காமல் அடித்து, அக்கா கல்யாண போட்டோ இருந்த எக்ஸ்டர்னல் டிஸ்க்கைத் துடைத்துவிட்டேன். தீபாவளிக்குத் தீபாவளி இன்னும் கேட்கிறாள்.

முதல் தடவை ரீஸ்டார்ட் ஆகும்போது பென் டிரைவைப் பிடுங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் மறுபடி மொழி கேட்கும்.

கோவில்பட்டி ஸ்டிக்கர்:
465 ஜிபி என்பதை மூன்று தடவை பார்த்துவிட்டுத்தான் அடித்தேன். 25 நிமிஷத்தில் டெஸ்க்டாப் வந்துவிட்டது. 2020 ஜனவரியோடு இதற்கு அப்டேட் நின்றுவிட்டதால் நெட் கொடுக்கப்போவதில்லை, டிசைனெல்லாம் பென் டிரைவில்தான் வரும்.

பிளாட்டரை மாட்டினேன். டிரைவர் எங்கே என்று கேட்கிறது. அதுவும் சிடியில் இருக்கிறது. மச்சான் வீட்டுக்குத்தான் கிளம்பிக்கொண்டிருக்கிறேன்.