ஓரத்தில் பெயின்ட் ஏறினால் புதிர் கெட்டது

கோத்தகிரியிலிருந்து:

ஸ்க்ரோல் ரம்பத்தில் (மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஆடி வளைவுகளை அறுக்கும் இயந்திர ரம்பம்) அறுத்த, துண்டுகளைப் பொருத்தி விளையாடும் மரப் புதிர்களுக்கு எந்த வார்னிஷ் நல்லது என்று புதியவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எந்த ஊரில், எந்த மாதத்தில் பூசப்போகிறீர்கள் என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. நான் செய்வது மலை ரயில், வரையாடு, காட்டெருமை, உயிரெழுத்துகள் என்று சிறுவர்களுக்கான புதிர்கள். என் கைவேலையைவிட, பழுது பார்க்கச் சொல்லி மற்றவர்கள் கொண்டுவந்த புதிர்கள்தான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்திருக்கின்றன.

குன்னூரில் மழலையர் வகுப்பு நடத்தும் ஓர் ஆசிரியை, சமவெளியில் வாங்கிய எழுத்துப் புதிர் ஒன்றைக் கொண்டுவந்தார். “சித்திரையில் பிள்ளைகள் உருவி உருவிப் போட்டு விளையாடினார்கள் சார். ஐப்பசியில் ஓர் எழுத்துகூட வெளியே வரவில்லை” என்றார். தட்டைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன், அசையவில்லை. குன்னூருக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. அந்த மாதங்களில் காற்றில் இருக்கும் ஈரத்தை மரம் குடித்து ஊதும். அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் ஊதாது. மரத்தின் ரேகை ஓடும் திசையில் அனேகமாக ஒன்றுமே இருக்காது, ரேகைக்குக் குறுக்கேதான் விரியும். அந்தப் புதிரில் எழுத்துகளின் மேலும் கீழும் தாள் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. இடமும் வலமும் இறுகிக் கிடந்தன. பிளைவுட் என்னும் ஒட்டுப்பலகையாக இருந்திருந்தால் இவ்வளவு வந்திருக்காது. அதில் ஒரு மரத்தகட்டின் ரேகை அடுத்த தகட்டுக்குக் குறுக்கே போவதால் ஒன்றை ஒன்று இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

ஆனால் ஊதியது மட்டும் காரணமில்லை. மெல்லிய பிளேடு மரத்தில் விட்டுப்போகும் இடைவெளி அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அதில் இந்தப் பக்கச் சுவரில் இரண்டு கை எனாமல், அந்தப் பக்கச் சுவரில் இரண்டு கை எனாமல் என்று பூசினால் மீதம் என்ன இருக்கும்? ‘ஊ’ வில் உள்ளே வளையும் இடத்தில் பெயின்ட் வழிந்து, கட்டி, ஒரு சிறு வரப்பே எழுந்திருந்தது. மெல்லிய கத்தியை விட்டு நெம்பி எடுத்தபோது எதிர்ச்சுவரின் பெயின்ட்டும் உரிந்துகொண்டு வந்தது. ஓரங்களை மரம் தெரியும்வரை சுரண்டி, உப்புத்தாள் போட்டு, தேன்மெழுகு தேய்த்துக் கொடுத்தேன். குறும்பர்கள் எடுக்கும் மலைத்தேனின் மெழுகு எங்கள் ஊரில் கிடைக்கிறது, வேறு ஊர்க்காரர்களுக்கு மெழுகுவர்த்தியே போதும். ஒன்று மட்டும் கவனம்: மெழுகு கடைசி வேலை. அதைத் தேய்த்த இடத்தில் பிறகு எந்தப் பெயின்ட்டும் பிடிக்காது.

ஆகவே நான் ஓரத்தில் பெயின்ட் பூசுவதே இல்லை. முழுப் படமாக வரும் புதிர் என்றால் பலகைக்கு முதலில் வண்ணம் தீட்டி, நன்றாகக் காயவிட்டு, மேலே பேக்கிங் டேப் ஒட்டிய பிறகுதான் அறுப்பேன். டேப் இருந்தால் பிளேடு வழுக்கிக்கொண்டு போகும், மரம் கருகாது. துண்டுக்கு ஒரு நிறம் வேண்டும் என்றால் முதலில் அறுத்துவிட்டு, அடியில் நிற்கும் பிசிறை 220 எண் உப்புத்தாளில் எடுத்து, ஈரத்துணியால் ஒரு முறை துடைப்பேன். மரத்தின் நார் சிலிர்த்து எழும். காய்ந்ததும் இன்னொரு முறை தேய்த்துவிட்டால், தண்ணீர் கலந்த பெயின்ட் பூசும்போது மறுபடி எழாது. ஓரத்துக்கு நிறம் கட்டாயம் வேண்டும் என்பவர்கள் சாயம் தடவலாம். அது மரத்துக்குள் இறங்கும், கனம் சேர்க்காது.

தோட்டத்துச் சில்வர் ஓக் பலகையில் செய்யலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். ரேகை அழகுதான். தூள் சிலருக்குத் தோலில் அரிப்பைக் கொண்டுவரும், முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

மைசூர் வழியாகப் பெங்களூர் போகும்போது மரப் பொம்மைகளுக்குப் பேர்போன கர்நாடகத்துச் சென்னப்பட்டணாவில் இறங்கி ஒரு பட்டறையைப் பார்த்தேன். கடைசல் இயந்திரத்தில் சுழலும் வெட்பாலை மரத்தின் மேல் வண்ண அரக்குக் குச்சியை அழுத்துகிறார்கள். உராயும் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் படிகிறது. பிறகு தாழை மடலை வைத்து அழுத்தினால் கண்ணாடிப் பளபளப்பு. என் தட்டைத் துண்டுகளில் இது வருமா என்று அங்கிருந்த பெரியவரிடம் கேட்டேன். ரயில் எஞ்சின் துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதை எதில் மாட்டிச் சுற்றுவாய்?” என்று கேட்டுச் சிரித்தார். அந்தக் கலை உருண்டைக்கே உரியது. தட்டையான துண்டுக்கு அரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, வடிகட்டி, துணியால் மெல்லியதாகத் தடவும் பிரெஞ்ச் பாலிஷ்தான் வழி. சீக்கிரம் காயும், கனம் சேராது. ஈரமான நாளில் பூசினால் மட்டும் அது வெளுக்கும்.

கொடைக்கானலிலிருந்து:

வெளுப்பு என்றதும் எனக்கு ஒரு தச்சரின் வேலை நினைவுக்கு வருகிறது அண்ணா. விடுதி ஒன்றின் வரவேற்பறைக்காகப் பெரிய மரப் புதிர் செய்தார். ஏரியும் படகும் கொண்ட படம், அறுப்பு அவ்வளவு நேர்த்தி. விருந்தினர் வருகிறார்கள் என்று விடுதிக்காரர் அவசரப்படுத்த, மூடுபனி சன்னல்வரை வந்து நின்ற ஒரு மாலையில் என்.சி. லாக்கர் (தின்னரில் கரைத்துத் தெளிக்கும், சீக்கிரம் காயும் பூச்சு) அடித்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். தெளித்த சற்று நேரத்தில் நீல ஏரியின் மேல் பால் ஊற்றியது போல வெள்ளை படர்ந்தது. பெயின்ட் கெட்டுவிட்டது என்று அவர் கடைக்காரரைத் திட்டத் தொடங்கினார், பாவம். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. காற்றில் இருக்கும் ஈரம் அந்தக் குளிர்ச்சியில் படிந்து, பூச்சுக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறது. வெயில் வந்த பிறகு மெதுவாக ஆவியாகும் ரிட்டார்டர் தின்னரை லேசாகத் தெளித்தார். வெள்ளை கரைந்து ஏரி திரும்பி வந்தது. நல்லவேளை, சுரண்ட வேண்டியிருக்கவில்லை.

எனக்கு ஒரு கேள்வி. தண்ணீர் கலந்த அக்ரிலிக் பெயின்ட் குளிர்காலத்தில் தொட்டால் காய்ந்தது போலத்தான் இருக்கிறது. ஆனால் துண்டுகளைப் பெட்டியில் அடுக்கி வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஏன்?

கூடலூரிலிருந்து:

ஆளிவிதை எண்ணெய் இயற்கையானது என்று நம்பி எங்கள் பக்கம் யாரும் பூச வேண்டாம். ஆடி மழையில் என் மைத்துனர் வீட்டுப் புதிர் முழுக்கக் கரும்புள்ளி பூத்துவிட்டது. எண்ணெயே பூஞ்சைக்குத் தீனி. எண்ணெய் துடைத்த துணியையும் சுருட்டிப் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள்.

கோத்தகிரியிலிருந்து:

கொடைக்கானல் தம்பிக்கு: அக்ரிலிக் பெயின்ட்டில் இருக்கும் நுண்துகள்கள் ஒன்றோடொன்று இளகி இணைந்தால்தான் படலம் ஆகும். பொதுவாகப் பத்து டிகிரிக்குக் கீழே அந்த இணைப்பு ஒழுங்காக நடக்காது. தண்ணீர் போய்விட்டதால் கைக்குக் காய்ந்தது போலத் தெரியும், அவ்வளவுதான். டப்பாவில் எழுதியிருக்கும் நேரம் சமவெளி வெயிலுக்கு உரியது, டிசம்பர் மாத மலைக்குப் பொருந்தாது. அடுப்பங்கரையில் நெருப்புக்கு அருகே வைத்தால் மேல்தோல் மட்டும் இறுகிச் சுருங்கும், அதையும் செய்யாதீர்கள். மூடி போட்ட மரப்பெட்டி ஒன்றில் கம்பிவலைத் தட்டு அமைத்து, கீழே 60 வாட் குண்டு பல்பு எரியவிடுங்கள். ஈரம் வெளியேற மேலே இரண்டு துளை. துண்டுகள் ஒன்றையொன்று தொடாமல் இருக்கட்டும். நகத்தால் அழுத்தினால் தடம் விழாத வரைக்கும் அடுக்காதீர்கள்.

விற்பதற்குச் செய்பவர்களுக்கு ஒரு சொல். 2021 ஜனவரி முதல் பதினான்கு வயதுக்கு உட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மத்திய கைவினைப்பொருள் ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு, பதிந்துகொள்ளுங்கள். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் போகக்கூடாது என்று 2017 நவம்பரிலிருந்து விதி இருக்கிறது. ஆகவே பரணில் கிடக்கும் பழைய டப்பாவைக் குழந்தைகளுக்கான வேலையில் திறக்காதீர்கள். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு என்றால், 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சோதனைக் குழாய்க்குள் அடங்கிவிடும் துண்டு எதுவும் இருக்கக்கூடாது. ரயில் புதிரில் புகைபோக்கியைத் தனித் துண்டாக அறுக்க எல்லோருக்கும் ஆசை வரும். எஞ்சினோடு சேர்த்தே அறுங்கள்.

குண்டு பல்பு இப்போது எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை. கோழிக்குஞ்சு வளர்ப்பவர்களுக்குச் சாமான் விற்கும் கடையில் கேட்டுப் பாருங்கள், அங்கே வைத்திருப்பார்கள்.