மாமாவை வீட்டுக்குக் கூட்டிவருகிறோம், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

அண்ணாமார், அக்காமார், அம்மாவின் தம்பி கொழும்புப் பக்கம் ஒரு மனநல ஆஸ்பத்திரியில் பல வருடமாக இருக்கிறார், ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு நோய்). இப்போது நோய் கட்டுப்பாட்டில் இருக்கிறது, வீட்டில் வைத்துப் பார்க்கலாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். எங்களுக்கும் சந்தோசம்தான். 2005இல் வந்த தேசிய மனநலக் கொள்கையே இந்தப் பராமரிப்பைக் கொழும்பிலிருந்து மாவட்டங்களுக்குக் கொண்டுபோகச் சொன்னது. ஆனால் கொக்கட்டிச்சோலையையும் தாண்டி உள்ளே இருக்கும் எங்களுக்கு அது எந்தக் கதவில் தொடங்குகிறது என்று தெரியவில்லை.

பெரிய யோசனை அந்த நோய்க்கு அவர் போடும் குளோசபின் குளிசைதான். வெள்ளை அணு குறைகிறதா என்று ஒழுங்காக இரத்தம் பார்க்க வேண்டும்: தொடங்கும்போது 18 கிழமைக்கு வாராவாரம், ஒரு வருடம் போனால் மாதம் ஒருமுறை. இரண்டு நாளுக்கு மேல் குளிசை தவறினால் பழைய அளவில் திரும்பப் போடவும் கூடாதாம், குறைந்த அளவில் இருந்து ஏற்ற வேண்டுமாம். இதோடு மனுசன் ஊருக்கு வந்து பழையபடி சுருட்டுப் பிடிக்கத் தொடங்கினால் இரத்தத்தில் மருந்தின் அளவு இறங்கிவிடும். (பிடிப்பார், எனக்குத் தெரியும்.)

மட்டக்களப்பு டவுனுக்குப் போகாமல் பக்கத்து ஆஸ்பத்திரியிலேயே குளிசையும் இரத்தப் பரிசோதனையும் யாருக்காவது கிடைக்கிறதா? மனநல மருத்துவ உத்தியோகத்தரோ சமூக மனநலத் தாதியோ உங்கள் வீட்டுக்கு வந்து பார்த்திருக்கிறார்களா? பகலில் போய் ஏதாவது வேலை செய்து இருக்கக்கூடிய இடம் உண்டா? அம்மாவுக்கும் வயது போய்விட்டது, நாள் முழுக்க அவரால் ஏலாது. பிரதேச செயலகத்தில் உதவிப்பணத்துக்கு என்னென்ன கடிதம் கேட்பார்கள் என்பதும் தெரிந்தால் நல்லது, ஆஸ்பத்திரியில் டிக்கட் வெட்டி வீட்டுக்கு விடும்போதே வாங்கிவிடலாம்.

ஊர்ச்சனம் என்ன சொல்லும் என்ற ஆலோசனை மட்டும் வேண்டாம், அதை நாங்களே பார்த்துக்கொள்கிறோம். உள்பெட்டியில் எழுதினாலும் சரி.