ரத்தத்தில் கிருமி: எடுத்த எடுப்பிலேயே மெரோபெனமா?

இரவுப்பணி:
62 வயது அம்மாள், நீரிழிவு நோயாளி. சிறுநீர்த் தொற்று, நடுக்கும் குளிரோடு காய்ச்சல். ரத்த அழுத்தம் 80/50. சலைன் ஏற்றியும் ஏறவில்லை. நள்ளிரவில் மெரோபெனம் என்ற வீரியமிக்க ஆன்டிபயாடிக்கைத் தொடங்கினேன். காலையில் ரவுண்ட்ஸ் வந்த மூத்த மருத்துவர், "யாரைப் பார்த்தாலும் மெரோபெனமா?" என்று கடிந்துகொண்டார். நான் செய்தது தவறா?

வைகைக்கரை:
உங்கள் பதற்றம் புரிகிறது டாக்டர். ஆனாலும் தவறுதான். செஃப்ட்ரையாக்சோன் என்ற ஆன்டிபயாடிக்கையும் இப்படித்தான் சாதாரணக் காய்ச்சலுக்கெல்லாம் கொடுத்துக் கெடுத்தோம். மெரோபெனத்துக்கும் அடங்காத கிளெப்சியெல்லா கிருமி வந்துவிட்டால் மிஞ்சுவது கொலிஸ்டின் போன்ற சில மருந்துகள். கொலிஸ்டின் சிறுநீரகத்தையே கெடுக்கக்கூடியது. இவருக்கு வேறு ஆன்டிபயாடிக்குகளான பைப்பராசிலின்-டாசோபாக்டமும் ஒரு டோஸ் அமிகாசினும் போதுமே.

தீவிரப்பிரிவு:
போதாது. 2018-இல் வெளிவந்த மெரினோ ஆய்வை மறந்துவிட்டீர்களா? செஃப்ட்ரையாக்சோனுக்கு அடங்காத ஈ.கோலையோ கிளெப்சியெல்லாவோ ரத்தத்தில் இருந்த நோயாளிகள். 30 நாட்களுக்குள் இறந்தவர்கள் மெரோபெனம் பெற்றோரில் 3.7 சதவீதம், பைப்பராசிலின்-டாசோபாக்டம் பெற்றோரில் 12.3 சதவீதம். நம் பெரிய மருத்துவமனைகளில் வளரும் ஈ.கோலையில் பெரும்பாலானவை அந்த வகைதான். செப்டிக் ஷாக் (தொற்றால் ரத்த அழுத்தம் சரிந்த நிலை) என்றால் ஒரு மணி நேரத்துக்குள் சரியான மருந்து உள்ளே போக வேண்டும். நாளைய கிருமியை நினைத்து இன்றைய நோயாளியை இழக்க நான் தயாரில்லை.

வைகைக்கரை:
மெரினோவில் நோயாளிகளை இரு மருந்துக் குழுக்களாகப் பிரித்ததே கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) முடிவு வந்த பிறகு. முதல் டோஸைப் பற்றிய ஆய்வே அல்ல அது. அந்தக் கிருமிகளை மறுபடி சோதித்தபோது சில, பைப்பராசிலின்-டாசோபாக்டத்துக்கே அடங்காதவை என்று தெரிந்தது. அவற்றை நீக்கியதும் இடைவெளி குறைந்தது. ஷாக்கில் இருந்த இந்த அம்மாளுக்கு மெரோபெனம் கொடுத்ததை வேண்டுமானால் விட்டுவிடுகிறேன். ஆனால் ரத்த அழுத்தம் நன்றாக இருப்பவருக்கும் அதையே எழுதுகிறோமே, அதற்கு என்ன பதில்?

ஆய்வகத்திலிருந்து:
இடையில் ஒரு கேள்வி. மருந்துக்கு முன் ரத்த கல்ச்சர் எடுத்தீர்களா? எத்தனை பாட்டில்?

இரவுப்பணி:
ஒரு பாட்டில். மருந்து ஏறிய பிறகுதான் நினைவு வந்தது.

ஆய்வகத்திலிருந்து:
என் ஆதங்கமே இதுதான். வெவ்வேறு இடத்தில் குத்தி இரண்டு செட் (செட்டுக்கு இரண்டு பாட்டில்) எடுக்க வேண்டும். பாட்டிலுக்கு 8 முதல் 10 மி.லி. ரத்தம். எங்களுக்கு வருவதோ மூன்று மி.லி.யோடு ஒற்றைப் பாட்டில், அதுவும் மருந்துக்குப் பின். பல நேரம் கிருமி வளராது. வளராததால் மெரோபெனத்தை நிறுத்த யாருக்கும் துணிவு வராது; பத்து நாள், பதினான்கு நாள் என்று அது ஓடிக்கொண்டே இருக்கும். எதில் தொடங்குவது என்று இவ்வளவு பேசும் நாம், பிறகு எளிய மருந்துக்குக் குறைப்பதற்கான வழியை முதல் இரவிலேயே அடைத்துவிடுகிறோம்.

இரவுப்பணி:
அவசரப் பிரிவில் மருந்துக்கு முன்பே சிறுநீர் கல்ச்சர் எடுத்திருக்கிறார்கள். நாளை முடிவு வரும்.

வைகைக்கரை:
நல்லது. செஃப்ட்ரையாக்சோனுக்கு அடங்கும் ஈ.கோலை என்று வந்தால் நாளையே அதற்கு மாற்றுங்கள்.

தீவிரப்பிரிவு:
அழுத்தம் ஏற்றும் மருந்தை நிறுத்தி, காய்ச்சலும் தணிந்திருந்தால் மட்டும். அதற்கு முன் நான் கைவைக்க மாட்டேன்.