கரோனா குணமாகி மூன்று மாதங்கள் ஆகியும் அப்பாவின் கிரியேட்டினின் 1.6இல் நிற்கிறது

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ள என் தந்தைக்கு (வயது 61) 2021 மே மாதம் கரோனா வந்து, ஆக்சிஜன் குறைந்ததால் மருத்துவமனையில் சேர்த்தோம். நுரையீரலை எண்ணியே நாங்கள் கலங்கிக்கொண்டிருந்தபோது, ஒருநாள் மாலை செவிலியர் வீடியோ அழைப்பில் கட்டிலோரம் தொங்கிய யூரின் பையைக் காட்டினார். காலையிலிருந்து சேர்ந்தது அரை டம்ளர்கூட இல்லை, அதுவும் கடுந்தேநீர் நிறத்தில். ரத்தத்தில் கிரியேட்டினின் (தசைகளில் உண்டாகி, சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவு) 0.9இலிருந்து 4.2க்கு ஏறி, மூன்று முறை டயாலிசிஸ் செய்தார்கள். இப்போது ஆகஸ்ட் இறுதி. சிறுநீர் நன்றாகப் பிரிகிறது, ஆனால் கிரியேட்டினின் 1.6க்குக் கீழே இறங்கவில்லை. மூச்சைத் தாக்கும் கிருமி சிறுநீரகத்தை ஏன் கெடுத்தது? இது இன்னும் இறங்குமா?

பதில் 1 (சிறுநீரக மருத்துவர்):
உங்கள் தந்தைக்கு நேர்ந்தது அரிதானதன்று. 2020 வசந்தத்தில் நியூயார்க் பகுதி மருத்துவமனைகளில் சேர்ந்த 5,449 கரோனா நோயாளிகளை ஆராய்ந்தபோது, 36.6 விழுக்காட்டினருக்குத் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு இருந்தது. வென்டிலேட்டரில் இருந்தவர்களில் அது ஏறத்தாழ 90 விழுக்காடு. காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் உடல்நீர் வற்றுவது, ரத்த அழுத்தம் விழுவது, உடலெங்கும் பரவும் அழற்சி, நுண்ணிய ரத்தக்கட்டிகள் ஆகியவை சேர்ந்து சிறுநீரக நுண்குழல்களை வாட்டுகின்றன. கிருமி நுழையப் பயன்படுத்தும் ஏசிஇ2 என்ற புரதம் அந்தக் குழல்களிலும் உண்டு என்றாலும், நேரடித் தாக்குதலின் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உள்ளது.

குழல் செல்கள் மீண்டும் வளரக்கூடியவை. டயாலிசிஸிலிருந்து அவர் மீண்டது அதனால்தான். ஆனால் 1.6 என்ற எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். நீண்ட நோயில் தசை கரைந்தவருக்குக் கிரியேட்டினின் இயல்பாகவே குறைவாகக் காட்டும் என்பதால், உண்மையான நிலை அந்த எண் சொல்வதைவிட மோசமாக இருக்கலாம். தசை அளவை அதிகம் சாராத சிஸ்டாட்டின் சி என்ற ரத்தப் பரிசோதனையும், சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று காட்டும் அல்புமின்–கிரியேட்டினின் விகிதமும் அவசியம். மூன்று மாதங்களைத் தாண்டியும் குறை நீடித்தால் அதை நாள்பட்ட சிறுநீரக நோய் என்றே கொள்கிறோம். கரோனாவுக்கு முந்தைய சிறுநீர்ப் பரிசோதனைத் தாள் ஏதேனும் இருந்தால் தேடிப் பாருங்கள்.

பதில் 2:
என் அண்ணனுக்கும் இதே நிலைதான். 1.3 வரை இறங்கியபின், முழங்கால் வலிக்காக மருந்துக் கடையில் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை வாங்கிப் பத்து நாள் விழுங்கினார், 2.4க்குப் போய்விட்டது. எந்த மருத்துவரிடம் சென்றாலும், பல் மருத்துவராகவே இருந்தாலும், சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை முதலில் சொல்லுங்கள். பஸ்பம், செந்தூரம் எதையும் சிறுநீரக மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. பீரோவில் 2019ஆம் ஆண்டின் பரிசோதனைத் தாள் கிடைத்தது. சிறுநீரில் அல்புமின் என்ற இடத்தில் இரண்டு கூட்டல் குறிகள் உள்ளன, அதாவது கரோனாவுக்கு முன்பே புரதம் கசிந்திருக்கிறது. அப்போது நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. திங்கட்கிழமை அந்தத் தாளுடன் சிறுநீரக மருத்துவரைப் பார்க்கப் போகிறோம்.